பெரிய தொகை ட்ரான்ஸ்ஃபர் வதந்தியை எப்படி வாசிப்பது: கால்பந்து ரசிகருக்கு ஒரு முழு வழிகாட்டி

2017 ஜூலை 23. பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர் ஜெரார்ட் பிக்கே, நெய்மாரோடு எடுத்த படம் ஒன்றைப் போட்டு, 'போகவில்லை, இருக்கிறார்' என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் இரண்டே சொல் எழுதினார். கூட ஆடுகிறவரே சொல்லிவிட்டார், இனி என்ன சந்தேகம் என்று நானும் நம்பினேன். பதினோராம் நாள், ஆகஸ்ட் 3 அன்று, நெய்மார் 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி-க்குப் போய்விட்டார். ஒரு வீரர் கிளப் மாறும்போது வாங்கும் கிளப் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் தொகையில் இன்று வரை அதை மிஞ்சியது கிடையாது.

மூன்று வருடம் கழித்து நேர் எதிராக ஒன்று நடந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று ஜெர்மன் கிளப்பான டோர்ட்மண்டின் விளையாட்டு இயக்குநர் மிக்கேல் சோர்க், ஜேடன் சான்சோ அடுத்த சீசனும் எங்களுக்குத்தான் ஆடுவார், முடிவு எடுத்தாகிவிட்டது என்றார். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களில் பெரும்பாலானோர் அதை பேரத்துக்கான பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் விண்டோ, அதாவது வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் காலம், மூடும் நாள் வரை தினமும் ஒரு புதுச் செய்தி வந்தது. சான்சோ டோர்ட்மண்டிலேயே இருந்தார். யுனைடெட் அவரை வாங்கியது 2021 கோடையில்தான், 8.5 கோடி யூரோவுக்கு.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நெய்மாரின் ஒப்பந்தத்தில் 22.2 கோடி என்ற எண் எழுதியிருந்தது. அதைக் கட்டிவிட்டால் பார்சிலோனாவால் தடுக்கவே முடியாது. சான்சோவின் ஒப்பந்தமோ 2023 வரை நீட்டப்பட்டிருந்தது. அவரை அவசரமாக விற்க டோர்ட்மண்டுக்கு ஒரு நெருக்கடியும் இல்லை. நண்பர் சொன்னார், இயக்குநர் சொன்னார் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, காகிதத்தில் என்ன இருந்தது என்று பார்த்தவர்களுக்கு இரண்டு முடிவும் முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்கும்.

ட்ரான்ஸ்ஃபர் வதந்தி என்பது பேரத்தின் ஒரு பகுதி. விற்கிறவர், வாங்குகிறவர், ஏஜென்ட் மூவருமே அதைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: ஒரு நோட்டு

ஒவ்வொரு கோடையிலும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, முதலில் சொன்னது யார், என்ன வினைச்சொல் பயன்படுத்தினார்கள், இந்தச் செய்தி வெளியே வந்ததில் யாருக்கு லாபம். நான்காவது கட்டத்தை நிரப்பத்தான் நேரம் எடுக்கும். நிரப்ப முடியாவிட்டால் காலியாக விடுங்கள், ஆனால் கட்டத்தை அழிக்காதீர்கள்.

முதல் படி: ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

வேறு எதையும் படிக்கும் முன் இதைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால் விற்கிற கிளப் விலையைச் சொல்லும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வருடம் என்றால் பேச்சு சூடாகும். கடைசி வருடம் என்றால் கிளப்புக்கு இரண்டே வழி: இப்போதே விற்பது, இல்லையென்றால் சும்மா அனுப்புவது. ஒப்பந்தம் முடிந்த வீரரை இலவசமாக விட வேண்டும் என்பது 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பின் விளைவு. கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடவும் ஃபிஃபா விதி அனுமதிக்கிறது.

இதை மட்டுமே வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. 2021 ஆகஸ்டில் பிஎஸ்ஜி-யில் ஆடிய கிலியன் எம்பாப்பேவுக்கு ஒரே வருடம்தான் பாக்கி இருந்தது. ரியல் மாட்ரிட் சுமார் 16 கோடி யூரோ கொடுக்க முன்வந்தது. எந்தக் கணக்கின்படியும் விற்றிருக்க வேண்டும். பிஎஸ்ஜி மறுத்துவிட்டது. 2022 மே மாதம் எம்பாப்பே அங்கேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். கடைசியில் 2024-இல் ஒரு யூரோகூட ட்ரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் மாட்ரிட் போனார். பணத்தைப் பற்றிக் கவலைப்படாத ஓனர் இருக்கும் இடத்தில் கடைசி வருடக் கணக்கு பலிக்காது. விற்கிற கிளப்புக்குப் பணம் உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ரிலீஸ் க்ளாஸ், அதாவது இவ்வளவு கட்டினால் வீரர் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதும் எண். ஸ்பெயினில் 1985-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று விளையாட்டு வீரருக்கு இழப்பீடு கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைத் தருகிறது. அதனால் அங்கே ஒப்பந்தங்களில் ஒரு எண் இருப்பது வழக்கமாகிவிட்டது. லியோனல் மெஸ்ஸி பார்சிலோனாவில் இருந்தபோது அவருக்கு அந்த எண் 70 கோடி யூரோவாக இருந்தது. யாரும் கட்ட முடியாதபடி வைப்பதுதான் நோக்கம். நெய்மாருக்கு வைத்ததையும் அப்படித்தான் நினைத்தார்கள். அவருடைய வக்கீல்கள் முதலில் ஸ்பெயின் லீக்கான லா லீகாவின் அலுவலகத்துக்குப் பணத்தோடு போனபோது லீக் வாங்க மறுத்தது. அன்றே நேராகப் பார்சிலோனாவிடம் கட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. க்ளாஸ் இருந்தால் அது இரண்டு தரப்பும் பேசி எழுதிக்கொண்டது மட்டுமே. அதில் வாசகம் முக்கியம். 2013 கோடையில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸுக்கு ஆர்சனல் 4 கோடியே 1 பவுண்டு கொடுக்க முன்வந்தது ஞாபகம் இருக்கும். நான்கு கோடியைத் தாண்டினால் விட வேண்டும் என்று ஆர்சனல் நம்பியது. லிவர்பூல் விடவில்லை. சுவாரஸ் அந்த சீசனில் லீக்கில் 31 கோல் அடித்துவிட்டு, அடுத்த வருடம்தான் பார்சிலோனா போனார். ஆகவே 'க்ளாஸ் இருக்கிறதாம்' என்று படித்தால், எந்த நாட்டில், எந்தத் தேதி வரை செல்லும் என்று தேடுங்கள்.

இரண்டாம் படி: அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

வெளிநாட்டுச் செய்திகள் எல்லாம் மில்லியனில் இருக்கும். 10 மில்லியன் ஒரு கோடி. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் அது யூரோவா பவுண்டா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு குழப்பத்தாலேயே பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

பெரிய தொகை எதுவும் ஒரே தொகையாக இருப்பதில்லை. உறுதியான பங்கு ஒன்று, ஆட்டங்கள், கோல், கோப்பை என்று நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் வரும் பங்கு ஒன்று. 2017-இல் உஸ்மான் டெம்பெலே டோர்ட்மண்டிலிருந்து பார்சிலோனா போனபோது உறுதியான பங்கு 10.5 கோடி யூரோ, மேலே வந்ததெல்லாம் நிபந்தனைப் பங்கு. விற்கிற தரப்பிலிருந்து கசியும் செய்தி இரண்டையும் கூட்டிச் சொல்லும். வாங்குகிற தரப்பிலிருந்து கசிவது முதல் எண்ணை மட்டும் சொல்லும். ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு பத்திரிகையில் இரண்டு தொகை வந்தால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். நோட்டின் நான்காவது கட்டம் தானாக நிரம்பும்.

'இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்?' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வாங்கிய தொகையை கிளப்புகள் ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கணக்கு எழுதுகின்றன. 10 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 2 கோடி. விற்ற லாபமோ அந்த வருடமே முழுதாக வரவில் ஏறும். செல்சி எட்டு வருட ஒப்பந்தமெல்லாம் போட்டது இதனால்தான். பிறகு 2023 கோடையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த டிசம்பரில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் கிளப்புகளும் அதை ஏற்றன. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்று 2025-26 சீசன் வரை இருந்த லீக் விதியின் பின்னணியில்தான் ஜூன் மாதக் கடைசி வார விற்பனைகளைப் பார்க்க வேண்டும். ஜூன் 30 அன்று பல கிளப்புகளின் கணக்காண்டு முடிகிறது. அந்த வாரம் ஒரு அகாடமி வீரர் பற்றி வதந்தி வந்தால் நான் அதற்குக் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். சொந்த அகாடமியில் வளர்ந்தவரின் விலை கிட்டத்தட்ட முழுதும் லாபக் கணக்குதான்.

ரசிகர்கள் அதிகம் பேசாத இன்னொரு பங்கும் உண்டு. நாடு விட்டு நாடு போகும் ட்ரான்ஸ்ஃபரில் தொகையில் 5 சதவீதம், அந்த வீரரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். பத்து கோடியில் ஐம்பது லட்சம். பந்து வாங்கவும் புல் வெட்டவும் திண்டாடுகிற ஒரு சின்ன கிளப்பின் வருடச் செலவையே அது தாங்கிவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் விதிகளில் என் மனதுக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாம் படி: முதலில் சொன்னது யார்?

2009 ஜனவரியில் லண்டனின் டைம்ஸ் நாளிதழ், வளர்ந்துவரும் 50 இளம் வீரர்களின் பட்டியலில் முப்பதாவதாக மசால் புக்துவ் என்ற மால்டோவா நாட்டு 16 வயதுப் பையனைப் போட்டது. ஆர்சனல் அவன் மேல் கண் வைத்திருப்பதாகவும் செய்தி. அப்படி ஒரு பையனே கிடையாது. யாரோ இணையத்தில் கட்டிவிட்ட கதையை ஒருவர் எடுக்க, அவரைப் பார்த்து இன்னொருவர் எடுக்க, அது டைம்ஸ் வரை போய்விட்டது. பத்து இடத்தில் வந்த செய்தி என்பதால் பத்து சாட்சி இருப்பதாக ஆகிவிடாது. பின்னோக்கிப் போய் முதல் ஆளைப் பிடியுங்கள்.

முதல் ஆள் கிடைத்தால், அவர் எந்த ஊர் என்று பாருங்கள். ஸ்பெயின் விளையாட்டுப் பத்திரிகைகளில் மார்க்கா, ஆஸ் இரண்டும் மாட்ரிட் பக்கம் சாய்ந்தவை. ஸ்போர்ட், முண்டோ டிபோர்ட்டிவோ பார்சிலோனா பக்கம். பார்சிலோனாவுக்கு ஒருவர் வருவதாக முதலில் ஸ்போர்ட் எழுதி, அவர் ஆடும் ஊரின் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லையென்றால் அது இன்னும் ஆசை நிலையில்தான் இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் வந்தால் கவனிக்க வேண்டியதுதான்.

அப்புறம் வினைச்சொல். 'கண்காணிக்கிறார்கள்', 'விரும்புகிறார்கள்' என்பதற்கு நான் எதுவும் எழுதுவதில்லை. எந்தப் பெரிய கிளப்பும் நூற்றுக்கணக்கானவர்களைக் கண்காணிக்கும். 'விசாரித்தார்கள்' என்றால் ஏஜென்டுக்கு ஒரு போன் போயிருக்கலாம். 'வீரரோடு சம்பளம் பேசி முடித்துவிட்டார்கள்' என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் பல நேரம் அதுதான் சுலபமான பகுதி. 'எழுத்தில் கேட்டார்கள், மறுக்கப்பட்டது' என்பதில்தான் உண்மையான பேரம் தொடங்குகிறது. ட்ரான்ஸ்ஃபர் செய்தியாளர் ஃபேப்ரிசியோ ரோமானோ 'ஹியர் வீ கோ' என்ற தன் வழக்கமான சொற்றொடரைப் போடும்போது அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். அதற்கு முந்தின நாள் அவரே என்ன வினைச்சொல் போட்டார் என்று படித்துப் பழகுங்கள், நிறைய கற்றுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட நம்பகமான ஆவணம் ஒன்று இருக்கிறது. டோர்ட்மண்ட், யுவெண்டஸ், பென்ஃபிகா போன்றவை பங்குச் சந்தையில் இருக்கும் கிளப்புகள். பெரிய விற்பனை என்றால் முதலீட்டாளர்களுக்கு அறிவித்தே ஆக வேண்டும், பொய் சொன்னால் சட்டச் சிக்கல். 2023 ஜனவரி 31 இரவு என்சோ ஃபெர்னாண்டஸ் செல்சிக்குப் போனபோது, 12.1 கோடி யூரோ என்ற தொகை பென்ஃபிகாவின் பங்குச் சந்தை அறிவிப்பிலேயே வந்தது. ஜூட் பெல்லிங்கம் மாட்ரிட் போன 2023 ஜூனில் 10.3 கோடி யூரோ உறுதி, மேலே நிபந்தனைப் பங்கு என்று டோர்ட்மண்ட் வரிவரியாக எழுதியது. இந்தக் கிளப்புகளின் வீரர் பற்றி வதந்தி வந்தால், பத்திரிகையை மூடிவிட்டு அவர்களுடைய முதலீட்டாளர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மூன்று சம்மதத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள்

நான் லிவர்பூல் ரசிகன். ஆகவே இந்தப் பாடம் எனக்கு வலித்தே வந்தது. 2023 ஆகஸ்ட் பக்கத்தை என் நோட்டிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்கிறேன்.

மொய்சேஸ் கைசேடோ, பிரைட்டனின் ஈக்வடார் நாட்டு நடுக்கள வீரர். அந்த ஜனவரியில் ஆர்சனல் கேட்டது, அவரும் போக விரும்புவதாக வெளிப்படையாகவே எழுதினார், பிரைட்டன் விடவில்லை. மார்ச்சில் 2027 வரை புது ஒப்பந்தம். முதல் படியின்படி பார்த்தால் பிரைட்டன் சொல்வதுதான் விலை. கோடை முழுக்க செல்சி படிப்படியாக ஏற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தது, பிரைட்டன் தலையாட்டவில்லை.

ஆகஸ்ட் 10 வியாழன் இரவு திடீரென்று லிவர்பூல் உள்ளே வந்தது. 11.1 கோடி பவுண்டு. பிரைட்டன் சரி என்றது. மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் யர்கன் க்ளாப், கிளப்போடு பேசி முடித்தாகிவிட்டது, கடைசியில் என்ன ஆகிறது பார்ப்போம் என்ற பொருளில் சொன்னார். நோட்டில் நான் முதல் பாதியை மட்டும் எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இன்று திறந்தாலும் அந்தக் கோடு பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது பாதியைத்தான் எழுதியிருக்க வேண்டும். வாங்குகிறவர் சம்மதம், விற்கிறவர் சம்மதம், இரண்டும் இருந்தது. மூன்றாவது ஆள் என்ன சொன்னார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கைசேடோவும் அவர் தரப்பினரும் மாதக்கணக்காக செல்சியோடு பேசி மனதைத் தயார் செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள்ளேயே அவர் செல்சிக்குத்தான் போக விரும்புகிறார் என்ற செய்தி வந்துவிட்டது. ஞாயிறு அன்று லிவர்பூலும் செல்சியும் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் மோதி 1-1 என்று முடித்தன. திங்கள் அன்று கைசேடோ செல்சி வீரர்: 10 கோடி பவுண்டு உறுதி, 1.5 கோடி நிபந்தனை, எட்டு வருடம்.

அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு வதந்திக்கும் மூன்று சின்ன வட்டம் போடுகிறேன்: விற்பவர், வாங்குபவர், வீரர். மூன்றிலும் டிக் விழாமல் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. அந்த மூன்றாவது வட்டம் இருபத்தொரு வயதுப் பையனாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கே வாழ வேண்டும், யாரிடம் கற்க வேண்டும் என்று அவர் எடுக்கும் முடிவுக்காக அவரையும் குடும்பத்தையும் திட்டி எழுதுவது மிகத் தவறு. கைசேடோவுக்கு அந்த வாரம் எங்கள் பக்கத்திலிருந்து போன வார்த்தைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஐந்தாம் படி: எந்த அறிகுறியை நம்பலாம்?

விமானத்தைப் பின்தொடர்வது, யார் யாருடைய படத்துக்கு லைக் போட்டார்கள் என்று பார்ப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். என் நோட்டில் அவற்றால் ஒன்றும் தேறியதில்லை.

வீரர் பயிற்சிக்கு வராமல் போவது கனமான அறிகுறி. டெம்பெலே 2017 ஆகஸ்டில் வரவில்லை, கிளப் இடைநீக்கம் செய்தது, அந்த மாதக் கடைசிக்குள் பார்சிலோனா போய்விட்டார். எழுத்தில் ட்ரான்ஸ்ஃபர் கேட்பதும் கனமானதே, ஆனால் தேதி தள்ளிப்போகலாம். அதே ஆகஸ்டில் பிலிப் கூட்டினியோ லிவர்பூலிடம் எழுதிக் கேட்டார். போக முடிந்தது 2018 ஜனவரியில்.

இவற்றை விட நான் அதிகம் நம்புவது மாற்று வீரரை. பெரிய நட்சத்திரத்தை விற்கும் கிளப் முதலில் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். 2025 ஆகஸ்டில் தன் முன்கள வீரர் அலெக்சாண்டர் இசாக்குக்கு லிவர்பூல் கொடுக்க முன்வந்த 11 கோடி பவுண்டை நியூகாஸில் மறுத்தது. இசாக் கிளப் மேல் நம்பிக்கை உடைந்ததாக எழுதினார். விற்பதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று கிளப் பதில் அறிக்கை விட்டது. படித்தவர்களில் பலர் கதவு மூடிவிட்டது என்றார்கள். 'நிபந்தனைகள்' என்ற சொல்லே கதவு திறந்திருப்பதைக் காட்டுகிறது என்று நான் எழுதி வைத்தேன். ஆகஸ்ட் 30 அன்று நிக் வோல்ட்டமாடேவை ஸ்டுட்கார்ட்டிலிருந்து நியூகாஸில் வாங்கியது. செப்டம்பர் 1, இசாக் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல்.

ஆறாம் படி: கடைசி இரவு

இங்கிலாந்தில் விண்டோ பல வருடம் பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மூடி வந்தது. கோடையில் நமக்கு அது அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. 2025 கோடையில் அங்கே மாலை 7 மணிக்கே மூடினார்கள், நம் ஊரில் இரவு 11.30. நேரம் முடிந்தவுடன் போனை அணைத்துவிடாதீர்கள். ஒப்பந்த விவரத்தைச் சுருக்கமாக எழுதிய டீல் ஷீட்டை நேரத்துக்குள் லீக்குக்கு அனுப்பியிருந்தால், மீதிக் காகிதங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 31 போதும். மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹியா ரியல் மாட்ரிட் போவதாக எல்லாம் பேசியாகிவிட்டது, அங்கிருந்த கோல்கீப்பர் கெய்லர் நவாஸ் பதிலுக்கு மான்செஸ்டர் வர வேண்டும். மூன்று சம்மதமும் இருந்தது. ஸ்பெயினில் நள்ளிரவு தாண்டி சில நிமிடம் கழித்துத்தான் ஆவணங்கள் வந்து சேர்ந்தன. இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மெடிக்கல், அதாவது வாங்கும் கிளப் செய்யும் உடல் பரிசோதனை, முடியாமல் கொண்டாடவும் கூடாது. 2018 ஜூனில் நபில் ஃபெக்கிர் லிவர்பூல் வருவது அறிவிப்பு வரை வந்து நின்றுபோனது. முழங்கால் பற்றிய ஐயம் காரணமாகச் சொல்லப்பட்டது.

விண்டோ மூடிய மறுநாள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்புங்கள். யார் சொன்னது பலித்தது என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். இரண்டு கோடை செய்தால் யாரைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் உங்களிடமே இருக்கும்.

2023 பக்கத்தை அப்படித் திருப்பியபோது கைசேடோவுக்குக் கீழே லிவர்பூல் கேட்ட இன்னொரு நடுக்கள வீரர் ரோமியோ லாவியா பெயர் இருந்தது. அவரும் அதே வாரம் செல்சியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆகஸ்ட் 18 அன்று லிவர்பூல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வட்டாரு எண்டோவை வாங்கியது, ஜப்பான் அணியின் கேப்டன், வயது முப்பது. என் நோட்டில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அடுத்த பிப்ரவரி 25, வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி, எதிரே செல்சி, நடுக்களத்தில் கைசேடோ. எண்டோ 120 நிமிடமும் ஆடினார். லிவர்பூல் 1-0 என்று வென்றது.